வினோஜா ஏ.சி. படிக்கப் போகிறாள், மலர்

என் கூடப் பிறந்த மலருக்கு,

நீ இருக்கும் இடத்துக்குப் பத்திரிகை வருமோ தெரியாது. இங்கே இருந்தபோதே நான் எழுதியதை நீ பெரிதாக வாசித்ததில்லை. "நீங்க எழுதுறது எல்லாம் ரோட்டு, பாலம், கூட்டம். வாசிக்க ஒண்டும் இல்ல அண்ணன்" என்பாய். இந்த முறை வாசிக்க ஒன்று இருக்கிறது. இது உன் மகளைப் பற்றியது.

ஊரே வாசிக்கிற இடத்தில் வீட்டுக் கதையை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "பேரைப் போட்டே எழுதுங்க மாமா. ஊர் எப்படியும் கதைக்கத்தான் போகுது. சரியானதைக் கதைக்கட்டும்" என்றாள். எனவே நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.

முதலில் வீட்டுப் புதினம், நடந்த செய்திகள். உன் செத்த வீட்டுக்கு, உன்னை வழியனுப்ப, கட்டாரிலிருந்து வந்த உன் புருஷன், மச்சான், திரும்பிப் போகவில்லை. நீ கட்டத் தொடங்கிய முன் அறைக்குப் பூச்சு முடிந்துவிட்டது. ஜன்னல் இன்னும் பொருத்தவில்லை. தேற்றாத்தீவில் இந்தத் தடவை மழை நன்றாகப் பெய்தது. வாவித் தண்ணீர் பின் வேலி வரைக்கும் வந்து திரும்பிப் போனது. நான் ஆரையம்பதிக்கு மாப்பிள்ளையாகப் போனவன், நீ பிறந்த வீட்டிலேயே இருந்தவள். முன்பு வாரத்துக்கு ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது அடிக்கடி வருகிறேன். ஏன் என்று கேட்காதே.

வினோஜாவின் உயர்தரப் பெறுபேறு வந்தது. வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி காணாது. அவள் அழவில்லை. பெறுபேற்றைக் கைத்தொலைபேசியில் இரண்டு தடவை பார்த்தாள், பிறகு அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். அழுதது மச்சான்தான்.

அடுத்த நாள் மச்சானின் தங்கை பூமணி வந்தாள். கையில் பளபளப்பான ஒரு விளம்பரக் கொப்பி. நகரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தனியார் நிறுவனம். மனிதவள முகாமைத்துவத்தில் டிப்ளோமா. முன் அட்டையில் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாகப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

உனக்குத் தெரியாததா? நம்முடைய பக்கத்தில் எந்த வீட்டு முன் அறைக்குப் போனாலும் அப்படி ஒரு படம் சுவரில் இருக்கும். கலியாணம் பேச வருகிறவர்கள் கதிரையில் இருந்தவுடன் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கி போட்டிருக்கிறாளா என்று பார்ப்பார்கள். என்ன படித்தாள், எங்கே படித்தாள், அந்தத் தாளை எந்தக் கந்தோர் வேலைக்கு ஏற்கும் என்று கேட்பவர் குறைவு. பெட்டைகளின் படிப்பை நாங்கள் பல வருடமாக அந்தச் சுவரை வைத்துத்தான் தெரிந்திருக்கிறோம்.

"முடிஞ்சா ஹோல் எடுத்துப் பட்டமளிப்புச் செய்வாங்களாம் கா. கோட்டப் போட்டுப் படம் எடுக்கலாம்" என்றாள் பூமணி.

"படத்த வச்சு என்ன செய்ற மாமி? பிரேம் போட்டுத் தொங்க விட்டா அது வேல செய்யுமா?" என்று வினோ கேட்டாள்.

"வேல செய்யாட்டியும் மாப்பிள வருவான்."

"அப்ப படத்துக்கே கட்டி வைங்க."

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அப்பா, நான் டெக்கில ஏ.சி., பிரிஜ் கோர்ஸ் எடுக்கப் போறன். லெவல் போர். விண்ணப்பம் போட்டுட்டன். வாற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கள் நேர்முகப் பரீட்சை. வீட்டுப் பெரியாக்கள் ஒருத்தர் கூட வரணுமாம்."

பூமணி வாயில் வைத்த வெற்றிலையை மெல்லாமல் இருந்தாள். "ஏ.எல். படிச்ச புள்ள நாலாம் லெவலுக்குப் போறதா? ஓ.எல். பெயில் விட்ட பொடியனுகள் போற இடமெல்லோ அது?"

மச்சான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வேணாம்."

ஏன் என்று அவள் கேட்டாள். "வேணாம் எண்டா வேணாம்" என்று முற்றத்துக்கு இறங்கிப் போனார். அவர் முகத்தில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அன்று எனக்கு அது பிடிபடவில்லை.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "மச்சான், நீங்க பேப்பர்க்காரன். நாலு இடத்தில கேட்டு வந்து அவளுக்குப் புத்தி சொல்லுங்க."

"கேட்டு வாறன். புத்தி சொல்ல மாட்டன். கேட்டதச் சொல்லுவன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

முதலில் கண்ணாடிக் கதவுக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை மரியாதையாகக் கதைத்தாள். இந்த டிப்ளோமா தேசிய தொழில் தகைமையில் எத்தனையாம் மட்டம் என்று கேட்டேன். "இது இன்டர்நேஷனல் சேர்" என்றாள். எந்த நாட்டில் என்று கேட்டேன். "சேர் மீட்டிங்கில இரிக்கார்" என்றாள். நான் கதிரையில் இருந்தேன். மீட்டிங் முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பதிவு செய்யப்பட்ட பாடநெறிகளின் அரச பட்டியலைப் பார்த்தேன். அதே கட்டடத்தில் நடக்கிற இன்னொரு பாடநெறி அதில் இருந்தது. வினோவுக்குச் சொன்ன டிப்ளோமா இல்லை. தனியார் இடமெல்லாம் பிழை என்று நான் எழுதவில்லை மலர். முறையாகப் பதிந்து நன்றாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பாடநெறி பாடநெறியாகப் பார்க்க வேண்டும், பெயர்ப் பலகையைப் பார்த்து அல்ல. நான் கண்டது அவ்வளவுதான்.

அடுத்ததாக வினோ சொன்ன டெக்குக்கு, அரச பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். குளிரூட்டல் பிரிவின் போதனாசிரியர் கையில் எண்ணெயோடு வந்தார். பூமணி சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இது பள்ளிக்கூட வகுப்பு இல்ல சேர். மொத்தம் ஏழு மட்டம். நாலு முடிச்சா முழுத் தொழிலாளி. அஞ்சும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமன். நாலில நிண்டு உழைக்கவும் ஏலும், ஏறிப் போகவும் ஏலும். பதிவு இல்லாத இடங்கள்ல மேல டிப்ளோமா எண்டு எழுதிக் குடுக்கிறாங்க, கீழ படி இல்ல."

ஒரு வருடம் கல்லூரியில் படிப்பு, பிறகு ஆறு மாதம் ஒரு பட்டறையில் பயிற்சி, அதற்குப் பிறகு மதிப்பீடு. இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. பல வருடமாகப் பட்டறையில் வேலை செய்தவர் வகுப்புக்குப் போகாமலே, தான் செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டி அதே சான்றிதழை எடுக்கலாம். இதை அறியாமல் எத்தனை பேர் வெறுங்கையோடு விமானம் ஏறுகிறார்கள் என்று அவர் கவலைப்பட்டார்.

எழுந்து வரும்போது, பெண் பிள்ளைகள் வருவார்களா என்று கேட்டேன். தான் முன்பு வேறொரு மாவட்டத்தில் படிப்பித்தபோது ஒரு பிள்ளை வந்ததாகச் சொன்னார். கெட்டிக்காரி. கல்லூரிப் படிப்பை முழுதாக முடித்தாள். ஆறு மாதப் பயிற்சிக்கு அவளை எடுக்க ஒரு பட்டறையும் முன்வரவில்லை. மதிப்பீட்டுக்கு வராமலே நின்றுவிட்டாள். "நான் மறைக்கக் கூடாது சேர். உங்கட மருமகளிட்ட இதையும் சொல்லுங்க."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு விறாந்தையில் எல்லோரையும் இருத்தி, கேட்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கண்ணாடிக் கதவு பற்றிச் சொன்னபோது பூமணி முகத்தைத் திருப்பினாள். அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது மச்சான் நிமிர்ந்து இருந்தார்.

"கேட்டியா? படிச்சு முடிச்சும் வாசலில நிண்டிருக்கு அந்தப் புள்ள. உனக்கும் அதுதான் வேணுமா?"

வினோ என்னைப் பார்த்துக் கேட்டாள். "மாமா, நீங்க இஞ்ச இரிக்கிற பட்டறைக்காரர் ஒருத்தரிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்ல புள்ள."

"அப்ப இது அரைச் செய்தி."

என் பத்திரிகை ஆசிரியர்கள் எத்தனையோ பேர் என் பிரதியைத் திருப்பி எறிந்திருக்கிறார்கள். உன் மகள் எறிந்த மாதிரி ஒருவரும் எறிந்ததில்லை. அந்த நேரம் நீ இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடியிருப்பாய், சிரிக்க.

மறுநாள் அவளும் நானும் பஸ் ஏறினோம். களுவாஞ்சிகுடியில் ஒரு பட்டறை. முதலாளி அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கதைத்தார். "ஐயா, இது பாரம் தூக்கிற வேல." அவள் வாசலில் கிடந்த கேஸ் சிலிண்டரைத் தூக்கி மற்றப் பக்கம் வைத்தாள். "இதவிடப் பாரமா?" என்றாள். அவர் சிரித்தாரே தவிர, ஓம் என்று சொல்லவில்லை. செட்டிபாளையத்தில் இன்னொருவர் தன் பொடியன்மார் கெட்ட வார்த்தை கதைப்பார்கள், ஒரு பெண் பிள்ளை இருந்தால் அவர்களுக்கு வேலை ஓடாது என்றார். "அப்ப திருந்தட்டும்" என்றாள் வினோ. அவரும் ஓம் சொல்லவில்லை. ஆரையம்பதியில் பட்டறை பூட்டிக் கிடந்தது.

பஸ்ஸில் நான் அவளைத் தேற்றவில்லை. காத்தான்குடியில் இறங்குவோம் என்று அவள்தான் சொன்னாள்.

அங்கே ஒரு குறுக்குத் தெருவில், எல்லோரும் அண்ணன் முறையில் கூப்பிடும் றிஸ்வி நானாவின் பட்டறை. கட்டையான மனிதர், காதில் பென்சில். பிரித்துப் போட்ட ஏ.சி.களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொன்னாள். என்ன படிக்கப் போகிறாள், ஆறு மாதப் பயிற்சிக்கு இடம் வேண்டும், இன்றைக்கு மூன்று இடத்தில் அலைந்தோம், எல்லாவற்றையும்.

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "நீங்க பொம்புளப் புள்ள. மெய்யாத்தான் இந்த வேலைக்கு வாறீங்களா மகள்?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?"

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் தொலைபேசியை எடுத்து எங்களிடம் நீட்டினார். வாடிக்கையாளர் அனுப்பிய செய்திகள். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஏறக்குறைய ஒரே மாதிரி. ஏ.சி. ஓடவில்லை, மகன் வெள்ளிக்கிழமை வருவான், அப்போது வாங்க. அறையில் தண்ணீர் ஒழுகுது, எங்கட நானா கொழும்பில், வந்த பிறகு சொல்றன்.

"பாத்தீங்களா? புருஷன் சவூதில. மகன் கடையில. வீட்டில பொம்புளையள் மட்டும். என்ர பொடியன் போனா கேற்றில நிண்டு திரும்பி வரணும். ஆம்புள ஒருத்தர் வீட்டில வாற வரைக்கும் அந்த அறை வேகும், பிள்ளையள் அழும், நான் தொழில் இல்லாம இரிப்பன். 'ஒரு பொம்புளப் புள்ள இல்லையா நானா' எண்டு என்ர பெண்சாதியே கேக்கா. ஏ.சி. படிச்ச பொம்புளைக்கு நான் எங்க போற?"

வினோ மெதுவாகச் சொன்னாள். "எங்கட வீட்டிலயும் அப்படித்தான் நானா."

அப்போதுதான் எனக்கும் அது தெரிய வந்தது மலர். ஒரு தடவை உன் பிரிஜ் நின்றுபோனது. உன் இன்சுலினைப் பக்கத்து வீட்டு பிரிஜில் வைத்தீர்கள். வேளைக்கு வேளை வினோ போய் எடுத்து வந்தாள். பிரிஜ் திருத்த ஒரு பொடியன் வந்து படலையில் நின்றான். மச்சான் கட்டாரில், நான் செய்தி சேகரிக்கத் திருகோணமலையில். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று நீ அவனைத் திருப்பி அனுப்பினாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேனே? சண்டைக் காலத்தில் காட்டுப் பக்கம் ஓடிப் போன சனத்தையெல்லாம் தேடிப் போய்க் கேட்டு எழுதினவனுக்கு, தன் தங்கச்சி வீட்டு பிரிஜ் ஓடுகிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. நீயும் சொல்லவில்லை.

றிஸ்வி நானா மூன்று விஷயம் சொன்னார். கருவிப் பையை அவளே தூக்க வேண்டும், ஒருவரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை பட்டறை பூட்டு. மூன்றாவதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். "வாப்பா வந்து என்னோட கதைக்கணும். மாமா சரி, ஆனா பெத்த வாப்பா வரணும். நாளைக்கு அவர் வந்து 'ஆரிட்டக் கேட்டு என்ர புள்ளைய எடுத்தாய்' எண்டு நிண்டா நான் என்ன சொல்ற? இஞ்ச ஒரு சின்னப் பிரச்சினையையும் ஊர்ப் பிரச்சினையாக்க ஆக்கள் இரிக்காங்க. உங்களுக்குத் தெரியும் சேர்."

எனக்குத் தெரியும். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் எத்தனையோ சின்னப் பிரச்சினைகள் அப்படி ஆனதை நானே எழுதியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது ஒரு யோசனை சொன்னேன். நம்முடைய வழக்கத்தில் தாய் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் முன்னுக்கு நிற்கலாம். மச்சான் வராவிட்டால் நேர்முகப் பரீட்சைக்கு நான் கூடப் போகிறேன், றிஸ்வி நானாவிடமும் நானே பொறுப்பெடுக்கிறேன், ஊரில் அதைப் பிழை என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அவள் உடனே மறுத்தாள். "நீங்க வந்தா அப்பாவத் தோற்கடிச்ச மாதிரி ஆகும் மாமா. அம்மாவும் இல்ல. மறுகா அந்த வீட்டில அவரும் நானும்தான் இரிக்கணும். நான் அவரோடயே கதைக்கிறன்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கதைத்தாள். நானும் பூமணியும் இருந்தோம். காத்தான்குடியில் கேட்டதைச் சொன்னாள். பூமணிதான் முதலில் பாய்ந்தாள். "ஏணியில ஏறுற பொட்டைய ஆரு கட்டுவான்? அதச் சொல்லு முதல்."

வினோ அவள் பக்கம் திரும்பினாள். "மாமி, இந்த வீடு ஆருக்கு?"

"உனக்குத்தான். உன்ர அம்மா முன் அறையும் உனக்கெண்டுதானே கட்டத் தொடங்கினா."

"அப்ப மாப்பிளதான் இஞ்ச வரப் போறார். நான் எங்கயும் போகப் போறல்ல. வந்த ஆம்பிளயளும் கட்டார், டுபாய் எண்டு போயிருவாங்க. வீட்டோட கிடக்கிறது நாங்க. வீட்டுக்குள்ள இரிக்கிற மெசினைத் திருத்த மட்டும் வெளியில இரிந்து ஆம்பிள வரணுமா? அவன் வந்தாலும் உள்ளுக்கு விட மாட்டம். இது என்ன கணக்கு மாமி?"

தாய் வழியாக வீடு வருகிற இந்தக் கரையில் பிறந்து வளர்ந்து, அதைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியவன் நான். வீடு பெண்ணுக்கு என்றால் வீட்டைப் பார்க்கிற தொழிலும் அவளுக்குப் பொருந்தும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மச்சான் என்னிடம்தான் கேட்டார். "மச்சான், கட்டார்ல நான் என்ன வேல செஞ்ச எண்டு தெரியுமா?"

"கம்பனி வேல எண்டு மலர் சொன்னா."

"ஓம். ஏ.சி. கம்பனி. நான் தூக்கிற ஆள். வெளியில வைக்கிற பெட்டி இரிக்கே, அதத் தோளில வச்சு மொட்டை மாடிக்கு ஏத்துற. வெயில்ல இரும்பத் தொட்டா தோல் ஒட்டும். எனக்குப் பக்கத்தில நிண்ட ஒருத்தன் விழுந்தான். எழும்பல்ல." கையை விரித்துப் பார்த்தார். "எங்கட வேனில கேஸ் அடிக்கிற பொடியன் ஒருத்தன். என்ர மகள்ட வயசு இரிக்கும். அவனிட்டச் சான்றிதழ்ப் பேப்பர் இரிந்திச்சு. அவன் முன் சீட்டில. நான் பின்னால ஏணியோட. அந்த வேல எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாத்தான் வேணாம் எண்டு சொன்ன."

உனக்கு இது தெரியுமா மலர்? தெரிந்துகொண்டுதான் எங்களிடம் "கம்பனி வேல" என்று மட்டும் சொன்னாயா? அல்லது உன்னிடமும் அவர் அப்படித்தான் சொன்னாரா?

வினோ எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். குரலை உயர்த்தவில்லை. "அப்பா, அப்ப நீங்க எனக்குச் சொல்ல வேண்டியது 'போகாத' எண்டு இல்லையே. 'பின்னால ஏணியோட போகாத' எண்டுதானே சொல்லணும்?"

அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ஆரையம்பதிக்கு வந்துவிட்டேன். என் மனிசி கேட்டாள், என்ன நடந்தது என்று. தெரியாது என்றேன். அது உண்மையான பதில்.

சனிக்கிழமை மத்தியானம் றிஸ்வி நானாவிடமிருந்து அழைப்பு. "சேர், உங்கட மச்சான் எப்படியான ஆள்?"

"ஏன் நானா?"

"காலையில வந்தார். சலாம் எண்டார், இரிந்தார். மறுகா பட்டறையில இரிக்கிற பாதுகாப்புப் பெல்ட், கயிறு எல்லாத்தையும் கொண்டரச் சொன்னார். ஒவ்வொண்டாப் புடிச்சு இழுத்துப் பாத்தார். கொக்கியக் கடிச்சுக்கூடப் பாத்தார், அல்லாஹ் மேல ஆணை. 'இது பழசு, இது பழசு, இது எறியுங்க' எண்டு ஒரு குவியல் போட்டார். என்ர பொடியன்மார் எல்லாரும் வேலைய விட்டுப் பாத்துக்கொண்டு நிக்காங்க. புதுசு எடுக்கிறன் எண்டு நான் சொன்ன பிறகுதான் தேத்தண்ணி குடிச்சார்."

"என்ர மருமகளப் பத்தி என்ன சொன்னார்?"

"அதப் பத்தி ஒண்டும் சொல்லல்ல சேர். 'ஆறு மாசத்துக்கும் நானே கூட்டி வந்து விடுவன்' எண்டு மட்டும் சொன்னார்."

திங்கட்கிழமை இருவரும் நேர்முகப் பரீட்சைக்குப் போனார்கள். நான் போகவில்லை. போகாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உள்ளே மூன்று பேர் இருந்தார்களாம். வர்த்தகம் படித்த நீ ஏன் இதற்கு வந்தாய் என்று கேட்டார்களாம். "எனக்குப் பிழை எங்க இரிக்கு எண்டு தேடப் பிடிக்கும்" என்று சொன்னாளாம். பயிற்சிக்கு இடம் எடுப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றபோது, இடம் இருக்கிறது என்று பட்டறையின் பெயரைச் சொன்னாளாம். அப்போது நான் முன்பு கண்ட போதனாசிரியர் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "ஆர் கேட்டு எடுத்தது?" என்று கேட்டாராம். "நான்தான் கேட்டது. அப்பா போய் உறுதிப்படுத்தினார்" என்றாளாம். வெளியில் வாங்கில் இருந்த மச்சானுக்கு அது கேட்டதா என்று அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது. வகுப்பு தொடங்கிவிட்டது மலர். ஏறாவூரிலிருந்து இன்னொரு பெண் பிள்ளையும் வருகிறாளாம், மற்றவர்கள் எல்லாம் பொடியன்மார். முதல் நாள் ஒருவன், "அக்கா, தையல் வகுப்பு அந்தப் பக்கம்" என்றானாம். "நல்லதாப் போச்சு தம்பி, நீ போகக்குள்ள உன்ர கிழிஞ்ச சட்டையையும் கொண்டு போ" என்றாளாம். இப்போது அவன்தான் அவளுக்குப் பக்கத்து மேசை. செப்புக் குழாய் ஒட்டப் பழகுகிறார்கள். அவள் ஒட்டியது முதலில் கசிந்தது. அடுத்ததும் கசிந்தது. வீட்டுக்கு வந்து அதைத்தான் சொல்கிறாள், வேறு கதை இல்லை. பூமணி இன்னும் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஊரில் யாரோ ஏளனமாக ஏதோ சொன்னபோது, "எங்கட புள்ள அரசாங்கப் படிப்புப் படிக்கிது, உன்ர மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டாளாம். அதை நான் ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் அது பொய்ச் செய்தி. பட்டறை ஆறு மாதம் இனித்தான் வரும். றிஸ்வி நானா நல்ல மனிதர், ஆனாலும் அது ஒரு மனிதரின் வாக்கு. ஊரில் ஏதும் நடந்து பாதை பூட்டினால் அந்த வாக்கு என்ன ஆகும்? ஐந்தாம் மட்டத்துக்கு அவள் வெளியூர் போக வேண்டி வரலாம். அதை வினோ இரண்டு தடவை சாடையாகச் சொன்னாள். மச்சான் கேட்காத மாதிரி இருந்தார். தாய் இல்லாத வீட்டில் இந்தக் கதை மறுபடி வரும். அப்போது நீ இருந்தால் என்ன சொல்வாய்? ஓம் என்பாயா? இரு, யோசிப்போம் என்பாயா? எத்தனையோ பேரின் வாயிலிருந்து பதில் எடுத்தவன் நான். உன்னிடமிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

அதனால் நீ சொல்லாததை நீ சொன்னதாக நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். "அம்மாவுக்கு இது பிடிச்சிருக்காது" என்று பூமணி தொடங்கினாலும் நிறுத்துவேன். "அம்மாவின் ஆசை இதுதான்" என்று நானே அவளைத் தள்ளவும் மாட்டேன். படிக்கப் போகிறவள் அவள். அவள் எடுத்தது அவளுடையதாகவே இருக்கட்டும்.

நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவளுக்கு முன்னால் ஓடிப் போய்க் கதவைத் திறக்க மாட்டேன், அவள் அதை விரும்பவில்லை. ஆனால் காத்தான்குடிக் கதவு ஏதோ ஒரு காரணத்தால் மூடினால், அவள் அடுத்த கதவைத் தட்டும்போது பக்கத்தில் நிற்பேன். அதுவும் மூடினால் அதற்கடுத்ததிலும் நிற்பேன். வாழைச்சேனை வரைக்கும் பட்டறைகள் இருக்கின்றன, எனக்கு இன்னும் நடக்க முடியும். மறுக்கிறவரிடம் ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்தை அவர் சொன்னபடியே அச்சில் போடுவேன். மட்டம் நாலு என்று எழுதிய தாளை அவள் கையில் வாங்குகிற வரைக்கும் நான் இந்த வேலையிலிருந்து ஓய்வெடுக்கப் போவதில்லை. இது உனக்கு நான் தருகிற வாக்கு.

வினோஜாவின் மாமனும்,
உன்னிடம் கேட்காமலே இருந்துவிட்ட கேள்விகளோடு இன்னும் அலைகிறவனுமான,
உன் பெரியண்ணன்.